சொகுசுக் கப்பல் இல்லாமல் கலாபகோஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகள் என்று சொன்னதுமே பயண முகவர்கள் எட்டு நாள் கப்பல் பயணத்தின் விலைப்பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆளுக்குப் பல ஆயிரம் டாலர். அதைப் பார்த்தே பாதிப்பேர் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அந்தத் தீவுகளில் நான்கில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை: சாந்தா குரூஸ், இசபெலா, சான் கிறிஸ்டோபல், புளோரியானா. முதல் மூன்றிலும் சிறிய விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், தினசரிப் படகு எல்லாம் உண்டு. ஊரில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்படிப் போனால் கிடைக்காதவை எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெர்னாண்டினா, ஹெனோவேசா போன்ற தொலைவுத் தீவுகளுக்குக் கப்பல் பயணம்தான் ஒரே வழி. மற்றபடி ராட்சத நில ஆமை, கடல் இகுவானா என்ற பெரிய பல்லி, கடற்சிங்கம், நீலக்கால் பூபிப் பறவை, பென்குயின், கடலாமை, வெண்முனைச் சுறா என்று எதையும் கரையில் தங்கிக்கொண்டே பார்த்துவிடலாம்.

கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். இங்கே பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கும் தீவுகள், ஆனால் கடல் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்காது. ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மே வரை வெயிலும் இடையிடையே மழையும். கடல் அமைதி, நீரின் வெப்பம் 23 முதல் 27 டிகிரி. கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலமும் இதில்தான் வரும். முதல்முறை ஸ்நோர்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீரில் மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்கிறவர்களும், படகென்றால் வயிறு புரட்டுகிறவர்களும் இந்த மாதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் டிசம்பர் தொடக்கம் வரை தெற்கிலிருந்து ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் வருகிறது. மலைப்பக்கம் நாள் முழுக்கத் தூறல். உள்ளூரில் இதைக் கருவா என்கிறார்கள். கடல் 18 முதல் 22 டிகிரிக்கு இறங்கும், அலையும் கூடும். ஆனால் அந்தக் குளிர் நீரில்தான் மீனுக்கு இரை பெருகுகிறது. பறவைகளும் கடற்சிங்கங்களும் சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை படகு ஆட்டம் உச்சம். விலங்குகளுக்காகவே போகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். தடித்த வெட்சூட் (குளிர் தாங்கும், உடம்போடு ஒட்டிய நீச்சலுடை) இல்லாமல் நீரில் இறங்க முடியாது.

எந்தக் காலமும் ஒத்துக்கொள்ளும் என்கிற ஆளுக்கு என் பரிந்துரை மே மாதம். கடல் இன்னும் குளிர்ந்திருக்காது. எஸ்பன்யோலா தீவுக்கு ஏப்ரலில் வரும் அல்பட்ரோஸ் பறவைகளும் அங்கேயே இருக்கும்.

2. விசாவும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும்

தீவுகள் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமானவை. 2019 ஆகஸ்ட் முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஈக்வடார் விசா கட்டாயம். பழைய பயணக் குறிப்புகளில் "இந்தியர்களுக்கு விசா வேண்டாம்" என்று இருக்கும், நம்பிவிடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு முன்விசா தேவையில்லை.

ஈக்வடார் தூதரகம் புது தில்லியில் இருக்கிறது. ஆவணப் பட்டியலை அங்கிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, போக வர விமானப் பதிவு, தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கறிக்கை ஆகியவை தயாராக இருக்கட்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத சீட்டு எதையும் வாங்க வேண்டாம்.

இடையில் விமானம் மாறும் நாட்டையும் கவனியுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியென்றால் மாட்ரிட், ஆம்ஸ்டர்டாம் இரண்டும் வசதி. விமான நிலைய இடைவழி விசா விதி அங்கே நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சீட்டு வாங்குவதற்கு முன்பே அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலர் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்கிற இடம். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் ஈக்வடாரும் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாளுக்குள் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால், விமான நிலைய சுகாதார அதிகாரிகள் தனிமைப்படுத்தி வைக்கலாம். தீவுகளில் அந்த நோய் கிடையாதே என்று வாதாடிப் பயனில்லை. விதி நாட்டுக்குத்தான், தீவுக்கு அல்ல. சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, அசல் கடவுச்சீட்டோடு போக வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லத் தொடங்கும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். ஊசி கிடைக்கும் நாட்கள் குறைவு என்பதால் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். அறுபது வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

3. விமானச் சீட்டு

தீவுகளுக்கு வெளிநாட்டிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஈக்வடாரின் கீட்டோ அல்லது குவாயாகில் நகரிலிருந்துதான் போக வேண்டும். கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்து இறங்கிய அன்று தலைவலியும் மூச்சு வாங்கலும் இயல்பு. தீவுகள்தான் நோக்கம் என்றால் குவாயாகில் சுருக்கம். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த நகரில் சில ஆண்டுகளாகப் பாதுகாப்பு நிலைமை சரியில்லை. விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் இரவைக் கழியுங்கள். ஊர் சுற்றக் கிளம்ப வேண்டாம்.

சீட்டு வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள்.

ஒன்று, தேடலில் மிக மலிவாக வரும் கட்டணம் ஈக்வடார் குடிமக்களுக்கோ தீவுவாசிகளுக்கோ உரியதாக இருக்கலாம். வெளிநாட்டவர் அதை வாங்கிக்கொண்டு போனால் கவுண்டரில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டண நிபந்தனையைத் திறந்து படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டு, ஒரே நிலையத்துக்குப் போய்வரும் சீட்டு வேண்டாம். சாந்தா குரூஸை ஒட்டிய பால்ட்ராவில் இறங்கி, சான் கிறிஸ்டோபலிலிருந்து கிளம்புங்கள். ஒரு படகுப் பயணமும் அரை நாளும் மிச்சம்.

4. புறப்படும் நாள்: கவுண்டர் வரிசை

கீட்டோவிலோ குவாயாகிலிலோ விமானம் கிளம்ப இரண்டரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். வழக்கம்போல் நேராக விமான கவுண்டரில் போய் நிற்காதீர்கள். அங்கே அரை மணி நின்றபின், "முதலில் அட்டை வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். சரியான வரிசை இதுதான்.

முதலில் கலாபகோஸ் இடைவழிக் கட்டுப்பாட்டு அட்டை. டி.சி.டி. என்றால் தெரியும். இணையத்தில் முன்கூட்டியே விவரம் பதிந்துவிட்டு, நிலையத்தில் தலைக்கு 20 டாலர் கட்டி வாங்க வேண்டும். திரும்பும் சீட்டும் தங்குமிட முகவரியும் கேட்பார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்குவதென்றால் அவர்களின் அழைப்புக் கடிதம் வேண்டும்.

அடுத்து உயிரியல் பாதுகாப்புச் சோதனை. விமானத்தில் ஏற்றும் பையை ஊடுகதிரில் பார்த்து, பிளாஸ்டிக் பட்டையால் முத்திரை போடுவார்கள். அதன்பின் அந்தப் பையைத் திறக்கக் கூடாது. கைக்கு வேண்டிய மாத்திரை, சார்ஜர், சட்டை எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகத்தான் விமான கவுண்டர்.

தீவில் இறங்கியதும் தேசியப் பூங்கா கட்டணம். 2024 ஆகஸ்ட் 1 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலர், 12 வயதுக்குக் கீழ் 100 டாலர். அதற்கு முன் இதில் பாதிதான். பழைய குறிப்புகளில் 100 என்று இருப்பதைப் பார்த்துப் பணம் எடுத்துப் போனவர்கள் வரிசையில் விழிப்பதுண்டு. ரொக்கமாகவே வைத்திருங்கள். டி.சி.டி. அட்டையைத் திரும்பும்போது கேட்பார்கள். கடவுச்சீட்டுக்குள் செருகி வையுங்கள்.

5. ரொக்கம்

ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான், மாற்றும் வேலை கிடையாது. சின்ன நோட்டு இல்லாவிட்டால்தான் சிக்கல். 50, 100 டாலர் நோட்டைக் கடைகளும் படகுக்காரர்களும் வாங்கத் தயங்குவார்கள். 100 டாலர் நோட்டு பூங்கா கட்டணத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் 20, 10, 5, 1 ஆக இருக்கட்டும். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோகலாம். அதற்குமேல் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாந்தா குரூஸிலும் சான் கிறிஸ்டோபலிலும் ஏ.டி.எம். உண்டு. இசபெலாவில் அதை நம்பிப் போகாதீர்கள். அங்கே செலவாகும் பணம் முழுவதையும் சாந்தா குரூஸிலேயே எடுத்துக்கொண்டு படகேறுங்கள்.

6. பையில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது

விதை, பழம், காய், செடி, மண், பச்சை இலை எதுவும் தீவுக்குள் போகாது. நம் வீட்டுப் பழக்கத்துக்கு இதை இன்னும் விளக்கிச் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, பச்சை மிளகாய் வேண்டவே வேண்டாம். முழுப் பயறு, கடுகு, வெந்தயம் என்று முளைக்கக்கூடிய எதையும் பொட்டலம் கட்டாதீர்கள். வீட்டு ஊறுகாயையும் புளிக்காய்ச்சலையும் அதிகாரிக்கு ஸ்பானிய மொழியில் விளக்குவது நடக்கிற காரியமில்லை. தொழிற்சாலையில் அடைத்து, உறை பிரிக்காத பொடிகளும் உடனடி உப்புமா வகைகளும் பெரும்பாலும் தடையில்லாமல் போகும். படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். நடைக் காலணியின் அடியைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மண் துளிகூட இல்லாமல் காயவைத்து எடுத்துப் போங்கள்.

அங்கே மின்சாரம் 110–120 வோல்ட், தட்டை முள் செருகி. செல்போன், கேமரா சார்ஜர் வேலை செய்யும். நம் ஊர் 230 வோல்ட் மின்கெட்டிலும் குட்டிக் குக்கரும் வெந்நீர்கூட ஒழுங்காக வைக்காது. சுமக்காதீர்கள்.

கட்டாயம் எடுக்க வேண்டியவை: முழுக்கை நீச்சல் சட்டை, துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் களிம்பு, நாடா வைத்த தொப்பி, நீர் புகாத பை, மழைச்சட்டை, நிரப்பிக் குடிக்கும் பாட்டில். குழாய் நீர் குடிக்கக் கூடாது. விடுதியில் பெரிய கேனிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ட்ரோன் கொண்டுபோக வேண்டாம். பூங்காவில் சுற்றுலாப் பயணிகள் பறக்கவிடத் தடை.

7. பால்ட்ராவிலிருந்து ஊருக்கு

பால்ட்ரா தனித் தீவு. பேருந்தில் (சுமார் 5 டாலர்) இத்தபாகா கால்வாய் வரை போய், படகில் (1 டாலர்) ஐந்து நிமிடம் கடந்து, மறுகரையில் மறுபடி பேருந்து (சுமார் 5 டாலர்) ஏறினால் சாந்தா குரூஸின் முக்கிய ஊரான புவேர்தோ அயோரா. சுமார் 40 கிலோமீட்டர். டாக்சி 25–30 டாலர். மூன்று பேர் சேர்ந்தால் டாக்சியே மேல், ஏனென்றால் போகிற வழியிலேயே மலைமேல் உள்ள ஆமைப் பண்ணையில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போக ஓட்டுநரிடம் பேரம் பேசலாம். தனியாக ஒரு நாள் ஒதுக்கி அதே சாலையில் மீண்டும் வருவது மிச்சமாகும்.

8. தீவு வரிசையும் படகும்

பத்து இரவு இருந்தால் இப்படிப் பிரியுங்கள்: சாந்தா குரூஸ் 3, இசபெலா 4, சான் கிறிஸ்டோபல் 3. ஏழே இரவுதான் என்றால் சான் கிறிஸ்டோபலை விட்டுவிட்டு, பால்ட்ராவிலேயே போக வரச் சீட்டு எடுங்கள். இசபெலாவை மட்டும் விடாதீர்கள்.

தீவுகளுக்கு இடையே ஓடுபவை மூன்று வெளிப்புற எஞ்சின் பூட்டிய விரைவுப் படகுகள். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. சுமார் இரண்டு மணி நேரம். ஒரு வழிக்கு 30–35 டாலர். எல்லாம் சாந்தா குரூஸை மையமாக வைத்தே ஓடும். இசபெலாவிலிருந்து சான் கிறிஸ்டோபலுக்கு நேர்ப்படகு இல்லை: விடியற்காலையில் கிளம்பி சாந்தா குரூஸில் இறங்கி, மதியத்துக்குமேல் அடுத்த படகு. முதல்நாளே சீட்டு வாங்கிவிடுங்கள். புறப்பாட்டுக்கு முக்கால் மணி முன்பு துறையில் நில்லுங்கள். பை மறுபடி சோதனையாகும். படகு துறையை ஒட்டி நிற்காது, நீர்டாக்சியில் போய் ஏற வேண்டும். அதற்குத் தனியாக 1 டாலர் சில்லறை. இசபெலாவில் இறங்கியதும் வெளிநாட்டவருக்குத் துறைக் கட்டணம் 10 டாலர்.

ஆட்டத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நம் ஊர்க் கடலில் தோணியேறிப் பழகியவர்களே வாந்தி எடுப்பார்கள். படகின் முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கி அடிக்கும். பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள். அவோமின் போன்ற மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்றால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படகைத் தவிர்த்துவிட்டு, தீவுகளுக்கு இடையே பறக்கும் சிறு விமானத்தை விசாரியுங்கள். விலை பல மடங்கு.

9. வழிகாட்டி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும்; ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். தனியாகப் போகக்கூடிய நல்ல இடங்களும் உண்டு.

சாந்தா குரூஸில் தோர்துகா பே. கல் பாவிய 2.5 கிலோமீட்டர் பாதை, நுழைவில் பெயர் பதிய வேண்டும், மாலைக்குள் வெளியேற வேண்டும். முதலில் வரும் அகன்ற கடற்கரையில் நீந்தத் தடை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். கரையோடு இன்னும் நடந்தால் அலையே இல்லாத பிளாயா மன்சா. குளிக்க அதுதான் இடம். இசபெலாவில் துறைக்குப் பக்கத்திலேயே கொன்ச்சா தெ பெர்லா. சான் கிறிஸ்டோபலில் லொபெரியா கடற்கரையும், ஃபிரிகேட் பறவைகள் வட்டமிடும் திஹெரெத்தாஸ் குன்றும்.

கட்டணப் பயணங்களில் எல்லாவற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். என் கணக்கில் மூன்று போதும்: இசபெலாவில் லோஸ் துனெலெஸ் என்ற கடலோர லாவா வளைவுகள் (சுமார் 130 டாலர்), அங்கேயே சியெர்ரா நெக்ரா எரிமலை நடை (சுமார் 50), சான் கிறிஸ்டோபலில் லியோன் தோர்மிதோ பாறை (சுமார் 170). ஒரே படகின் இருக்கையையே பத்துக் கடைகள் பத்து விலைக்கு விற்கும். மூன்று கடை ஏறி இறங்கிக் கேளுங்கள்: வெட்சூட் சேர்த்தா, மதிய உணவு உண்டா, அலை கூடி ரத்தானால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். லோஸ் துனெலெஸ் நுழைவில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் படகு உள்ளே போக வேண்டும். சில நாட்களில் படகோட்டி திரும்பிவிடுவார். அதற்காகத்தான் இசபெலாவுக்கு நான்கு இரவு.

10. நீரில் இறங்கும் முன்

"நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். உயிர்காப்புச் சட்டை கொடுப்பார்கள்தான். ஆனால் லியோன் தோர்மிதோ, ஆழ்கடலில் செங்குத்தாக எழும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால். கீழே தரை தெரியாது, நீரோட்டம் உண்டு, சுத்தியல்தலைச் சுறாக்கள் வரும் இடம். நீச்சல் தெரியாதவர் அங்கே படகிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது. ஊரிலேயே இரண்டு மாதம் குளத்தில் பழகிவிட்டு வந்தால் 170 டாலரும் வீண்போகாது.

தீவு வரிசையே உங்களுக்குப் பயிற்சி வரிசை. பிளாயா மன்சாவில் மார்பளவு நீரில் நின்று மாஸ்க் போட்டு மூச்சுவிடப் பழகுங்கள். அடுத்து கொன்ச்சா தெ பெர்லா: அலை புகாத குளம் போன்ற இடம், நீர் ஏற்றத்தில் போங்கள், வற்றத்தில் பாறை முழங்காலில் உரசும். பிறகு லோஸ் துனெலெஸ்: உறைந்த லாவா வளைவுகளுக்கு இடையே ஆழம் குறைந்த நீர், கடலாமைகளும் கடற்குதிரைகளும் குகைக்குள் படுத்திருக்கும் வெண்முனைச் சுறாக்களும். லியோன் தோர்மிதோ கடைசி.

மாஸ்க் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பட்டையைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில்தான் கசியும். மூக்கடியில் ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பட்டை வழுக்கும், நெற்றியில் பூசிய களிம்பு வழிந்து கண் எரியும். அன்று காலை இரண்டையும் தவிர்த்து, தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க்கை ஊரிலிருந்தே வாங்கி வர வேண்டும், வாடகைக்குக் கிடைப்பது அரிது. உள்கண்ணாடியில் எச்சில் தடவி நீரில் அலசினால் புகை படியாது.

வெட்சூட் ஜனவரி–மே மாதங்களில் 3 மில்லிமீட்டர், ஜூலை–நவம்பரில் 5. கரையில் போடும்போது இறுக்கமாக, கொஞ்சம் அவஸ்தையாகவே இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் உள்ளே குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்கும், இருபது நிமிடத்தில் பல் கிட்டும். ஜிப் முதுகுப் பக்கம்.

மணல் கரையில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள்; மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிவிடும்.

11. நடை

சியெர்ரா நெக்ராவின் வாய் சுமார் பத்துக் கிலோமீட்டர் அகலம். 2005இலும் 2018இலும் வெடித்த எரிமலை. அதன் பக்கத்தில் உள்ள வோல்கான் சிகோ என்ற லாவாப் பகுதி வரை போய்வர 16 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். முதல் பாதியில் சேறும் மூடுபனியும் இருக்கும். இரண்டாம் பாதியில் கறுப்பு லாவாவும் வெயிலும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மழைச்சட்டையும் வெயில் தொப்பியும் ஒரே நாளில் தேவைப்படும். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர். செருப்பு, சாண்டல் வேண்டாம்: லாவா உடைந்த கண்ணாடி மாதிரி அறுக்கும்.

இசபெலாவில் கண்ணீர்ச் சுவர் வரை போகும் கடலோரப் பாதைக்கு மிதிவண்டி வாடகைக்கு எடுங்கள். 1946 முதல் 1959 வரை இருந்த தண்டனைக் குடியிருப்பின் கைதிகள் அடுக்கிய சுவர் அது. போகிற வழியில் நில ஆமைகள் பாதையிலேயே மேயும். கடலோரங்களில் மன்சனில்லோ என்ற மரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஆப்பிள் போன்ற பச்சைக் காய்கள். ஆமை தின்னும், மனிதருக்கு நஞ்சு. மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்காதீர்கள்.

12. விலங்குகளிடம்

இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஃபிளாஷ் கூடாது, தீனி கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது. இவற்றைப் படிக்கும்போது எளிது. அங்கே போனால் விலங்குகளே விதியை மதிப்பதில்லை. கொன்ச்சா தெ பெர்லாவுக்குப் போகும் பலகைப் பாதையில் கடற்சிங்கம் குறுக்கே படுத்துக் குறட்டை விடும். தாண்டக் கூடாது, கைதட்டி எழுப்பக் கூடாது. இடமிருந்தால் கைப்பிடி ஓரமாக ஒதுங்கிப் போங்கள், இல்லையென்றால் அது நகரும்வரை காத்திருங்கள்.

கடல் இகுவானாவின் நிறமும் லாவாவின் நிறமும் ஒன்று. பாறையில் கால் வைக்கும் முன் பாருங்கள். வாலைப் பாறை இடுக்கு என்று நினைத்து மிதித்துவிடுவார்கள். மூக்கிலிருந்து அது உப்பைச் சீறித் தெளிப்பது உங்கள்மேல் கோபத்தில் அல்ல. உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றுகிறது.

ஆண் கடற்சிங்கம் மட்டும் விளையாட்டில்லை. கழுத்துத் தடித்து, நெற்றி புடைத்து, குரைத்துக்கொண்டே கரையோரம் நீந்துவதுதான் ஆண். அதற்கும் பெண்களுக்கும் நடுவில் போகாதீர்கள்; அது ரோந்து வரும் இடத்தில் நீரில் இறங்க வேண்டாம்.

13. சாப்பாடு

மதியத்தில் 'அல்முவெர்சோ' என்று கேளுங்கள்: சூப், சோறு, கறியோ மீனோ, பழச்சாறு சேர்த்து ஐந்து முதல் எட்டு டாலர். அதே கடையில் இரவு மெனுவைப் பிரித்தால் மூன்று மடங்கு. சைவக்காரர்கள் "சின் கார்னே, சின் பொல்லோ, சின் பெஸ்காதோ" (கறி இல்லாமல், கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்ல வேண்டும். கறி வேண்டாம் என்றால் கோழி வைப்பார்கள். சூப்பைத் தவிர்ப்பது நல்லது. சோற்றோடு 'மெனெஸ்த்ரா' என்று வரும் பயற்றுக் குழம்பும் வாழைக்காயைத் தட்டிப் பொரித்த 'பத்தகோனெஸ்'சும் நம் நாக்குக்குப் பழகியவைதான்; உப்பும் காரமும் மட்டும் போதாது.

14. தலைக்கு எவ்வளவு

மேலே சொன்ன பத்து இரவுக்கு, இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் ஒருவருக்கு: அட்டையும் பூங்காவும் 220, மூன்று படகு 105, இசபெலா துறை 10, பால்ட்ரா பேருந்து 11, மூன்று பயணங்கள் 350, ஆமைப் பண்ணையும் டாக்சிகளும் 30, அறை 400, சாப்பாடு 250. கூட்டினால் 1,376 டாலர். நீர்டாக்சி, வெட்சூட் வாடகை, ஒரு நாள் தள்ளிப்போனால் ஆகும் செலவு எல்லாம் சேர்த்து 1,550 வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வடார் வரையிலான விமானமும் அங்கிருந்து தீவுக்கான விமானமும் இதில் இல்லை. மருத்துவக் காப்பீட்டில், அவசரத்துக்கு நோயாளியை விமானத்தில் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இசபெலாவில் பெரிய மருத்துவமனை இல்லை.

15. திரும்பும் நாள்

விமானம் ஏறும் தீவுக்கு முந்தைய நாளே வந்துவிடுங்கள். காலைப் படகில் வந்து மதிய விமானத்தைப் பிடிப்பது அட்டவணையில் சாத்தியம்போலத் தெரியும். கடல் ஒத்துழைக்காவிட்டால் சீட்டு போச்சு. தீவு நேரம் ஈக்வடார் நிலப்பகுதியைவிட ஒரு மணி பின்தங்கியது. குவாயாகிலில் அடுத்த விமானத்துக்கு இடைவெளி கணக்கிடும்போது இதை மறக்காதீர்கள்.

சங்கு, கிளிஞ்சல், பவளம், லாவாத் துண்டு, மணல் எதுவும் பையில் இருக்கக் கூடாது. குழந்தைகளின் கால்சட்டைப் பையையும் ஒருமுறை துழாவிவிடுங்கள். டி.சி.டி. அட்டை கையில், மஞ்சள் காய்ச்சல் சான்று கைப்பையில். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் சான்றை வைத்துவிட்டால், சென்னையில் பெட்டி வருவதற்கு முன்பே சுகாதார மேசை வந்துவிடும்.